இளம்பிள்ளையில் நேற்று எத்தனை மில்லிமீட்டர்?

வானம் கறுத்துக்கொண்டு வந்தால் இளம்பிள்ளையில் பெரியவர்கள் முதலில் நூலைப் பார்ப்பார்கள். சாயம் ஏற்றிக் காயப்போட்ட நூல் நனைந்தால் அன்றைய உழைப்பு வீண். தறிக்கூடத்தில் இருப்பவர்கள் கரன்ட் நிற்குமோ என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் செல்போனை எடுத்து, நாளைக்கு லீவு உண்டா என்று தேடுவார்கள். சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையை ஒட்டி, சேலைகளால் பேர் வாங்கிய இந்தப் பேரூராட்சியில் வானிலை எல்லோருடைய பிழைப்போடும் சேர்ந்த சேதி.

மறுநாள் காலை வகுப்பில் ஓர் ஆசிரியர், "நேத்து நம்ம ஊர்ல எவ்வளவு மழை பேஞ்சுது?" என்று கேட்டால் விடை எங்கிருந்து வரும்? செல்போனைத் திறந்தால் ஓர் எண் இருக்கும். ஊர்ப் பெயரும் சரியாக இருக்கும். ஆனால் அந்த எண்ணை யாரும் இளம்பிள்ளையில் நின்று அளந்திருக்க மாட்டார்கள். எங்கோ ஒரு கணினி கணக்குப் போட்டு, 'இந்த அட்சரேகை, இந்த தீர்க்கரேகை அருகே இவ்வளவு பெய்திருக்கலாம்' என்று சொன்ன எண் அது.

இணையத்தில் வானிலைத் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் கிடைத்த படங்களும் கணிப்புகளும் இன்று அரசுப் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் கணினியில் இலவசமாகத் திறக்கின்றன. அவற்றை வகுப்புக்குக் கொண்டுவர எல்லா வசதியும் இருக்கிறது. எந்த எண் அளந்தது, எந்த எண் கணித்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் நாம் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை.

எண் பிறக்கும் இடம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இந்திய வானிலைத் துறை 1875-இல் உருவானது. 2025 ஜனவரியில் 150 ஆண்டு விழாவும் கொண்டாடியது. இந்த நீண்ட வரலாற்றில் மாறாமல் இருப்பது, ஒருவர் குறித்த நேரத்தில் கருவியின் முன்னால் போய் நின்று எண்ணைப் பார்த்து எழுதும் பழக்கம். தானியங்கிக் கருவிகள் பெருகிய பின்னும் அடிப்படை அதுதான்.

மழையைப் பொறுத்தவரை அந்த நேரம் காலை 8.30. நேற்று 8.30-லிருந்து இன்று 8.30 வரை பெய்தது 'இன்றைய மழை' என்று பதிவாகும். நாளிதழில் 'சேலம் மாவட்டத்தில் பெய்த மழை அளவு' என்று பொடி எழுத்தில் வரும் பட்டியல் இந்தக் கணக்குதான். ஏற்காடு, ஓமலூர், காடையாம்பட்டி, டேனிஷ்பேட்டை, மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, வாழப்பாடி, ஆனைமடுவு, ஆத்தூர், தம்மம்பட்டி என்று பெயர்கள் வரிசையாக வரும். இளம்பிள்ளைக்காரர் தன் ஊர் மழையை சேலம், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி ஆகிய நான்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நான்கும் நான்கு திசையில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. கோடை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காக்காபாளையத்தில் கொட்டும், இளம்பிள்ளையில் தரை நனையாது. நான்கு எண்களின் சராசரி இந்த ஊரின் மழை ஆகிவிடாது.

செல்போன் எண் பிறப்பது வேறு வழியில். உலகம் முழுவதையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, ஈரப்பதம், வெப்பம், அழுத்தம் எப்படி மாறும் என்று பெரிய கணினிகள் சமன்பாடுகளைத் தீர்க்கின்றன. இந்திய வானிலைத் துறை பல ஆண்டுகளாக 12 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் மாதிரியைப் பயன்படுத்திவந்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நடுத்தரகால முன்கணிப்பு மையத்தின் மாதிரி 9 கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டம் என்றால் இளம்பிள்ளையும் பக்கத்து ஊர்களும் கணினிக்கு ஒரே புள்ளி. கஞ்சமலை அதன் கண்ணில் ஒழுங்காகப் படவே படாது. மாலையில் திடீரென்று எழும் இடிமேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். அது இந்தத் தெருவில் பெய்யுமா அடுத்த தெருவில் பெய்யுமா என்பதை அப்படியொரு கட்டத்திடம் கேட்பது நியாயமில்லை.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'வளிமண்டலம்' பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இந்தியாவின் காலநிலையும், கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவும் இருக்கின்றன. மூன்று பாடங்களும் ஒரே வானத்தைப் பற்றியவை என்று பிள்ளைக்குத் தெரியாமலே தேர்வு முடிந்துவிடுகிறது. செல்போனில் 'மழைக்கு 40 சதவீத வாய்ப்பு' என்று வருகிறதே, அது நிகழ்தகவுப் பாடம். 40 சதவீத வாய்ப்பு சொல்லப்பட்ட நாட்களையெல்லாம் ஒரு பருவம் முழுக்கக் குறித்துவைத்து, அவற்றில் உண்மையில் எத்தனை நாள் மழை பெய்தது என்று எண்ணிப் பார்த்தால், பகடையும் நாணயமும் இல்லாமல் நிகழ்தகவு விளங்கும். பத்துக்கு நான்கு நாள் பெய்திருந்தால் அந்தச் செயலி நேர்மையானது. எட்டு நாள் பெய்திருந்தால், அல்லது ஒரு நாள்கூடப் பெய்யாவிட்டால், அதை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

ராடாருக்கு எட்டாத தூரம்

தமிழகத்தில் மழைச் செய்தி என்றாலே சென்னைதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புயல்கள் பெரும்பாலும் கடலோரத்தைத் தாக்குவதால் அது இயல்பு. ஆனால் 2024 டிசம்பர் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குச் சொன்ன பாடம் வேறு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். அது வலுவிழந்து உள்மாவட்டங்கள் வழியாக நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர், ஏற்காட்டில் 24 சென்டிமீட்டர் மழை பதிவானது. கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை! சேலத்தில் திருமணிமுத்தாறு கரை மீறியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

அந்த இரண்டு நாட்களின் செயற்கைக்கோள் படங்களை எடுத்து ஒரு வகுப்பில் வரிசையாகக் காட்டலாம். இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை தொடர்ந்து மேகப் படங்களை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இஸ்ரோவின் 'மோஸ்டாக்' தளத்தில் படங்களும் தரவுகளும் கிடைக்கின்றன. புயல் என்பது கரையோடு முடிவதில்லை என்பதைப் பத்துப் பக்கம் எழுதிப் போடுவதைவிட இந்தப் படவரிசை தெளிவாகக் காட்டும். படத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் நேரத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் சர்வதேச நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் நேரம். காலை 8.30 மழைக் கணக்கும் உலகக் கணக்கில் அதிகாலை 3 மணிதான். இது தெரியாமல் ராத்திரிப் படத்தை மத்தியானப் படம் என்று பகிர்ந்து பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

ராடார் இன்னும் சுவாரசியமான பாடம். இந்தியாவின் முதல் டாப்ளர் வானிலை ராடார் 2002-இல் சென்னையில் அமைந்தது. காரைக்காலிலும் ஒன்று உண்டு. வரைபடத்தில் அளந்தால் இளம்பிள்ளைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர், காரைக்காலுக்கு 200-க்குச் சற்று மேல். ராடாரின் கதிர் ஏறத்தாழ நேராகப் போகிறது, பூமியோ வளைகிறது. அதனால் தூரம் கூடக்கூடக் கதிர் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். அரை டிகிரி சாய்வில் புறப்பட்ட கதிர் 200 கிலோமீட்டர் கடந்தபோது தரைக்கு மேல் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். கஞ்சமலைக்கு மேல் ஒரு மேகம் கீழ்மட்டத்தில் மழையைக் கொட்டினால், காரைக்கால் ராடார் பார்ப்பது அதன் மேல்பாதியைத்தான். சென்னை ராடார் படத்தில் சேலம் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக இங்கே மழை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த பிள்ளையால் இந்தக் கணக்கைப் போட்டுவிட முடியும்.

ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ராடார்கள் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இளம்பிள்ளைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மழையைத் தங்கள் ஊர் ராடாரில் பார்க்க அந்தத் திட்டம் ஒன்றே வழி. மேற்கு மாவட்டங்கள் இவ்வளவு காலம் இதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது வருத்தமான விஷயம்.

எந்தப் பக்கத்தைத் திறப்பது?

ஆசிரியர் பள்ளிக்கூட நேரத்தில் தேடுவதற்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதனால் தெளிவாகவே சொல்லிவிடலாம். எச்சரிக்கைக்கு ஒரே இடம் இந்திய வானிலைத் துறை. அதாவது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையும் 'மௌசம்' தளமும். புயலுக்கும் கனமழைக்கும் எச்சரிக்கை விடும் பொறுப்பு இந்த நாட்டில் அவர்களுடையது. அவர்கள் அறிக்கை தமிழிலும் வருகிறது, மாவட்டவாரியாக நிறமும் வருகிறது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. அடுத்த 3 மணி நேரத்துக்கான குறுகிய கால முன்னறிவிப்பும் தனியாக உண்டு. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் தலைமை ஆசிரியர் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். மின்னல் எச்சரிக்கைக்குப் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. திறந்தவெளி மைதானம் உள்ள எந்தப் பள்ளியும் அதை ஓர் ஆசிரியரின் போனிலாவது வைத்திருப்பது நல்லது.

அறிக்கையை வாசிக்கவும் பழக வேண்டும். 'கனமழை' என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. ஊத்தங்கரையின் 500 மில்லிமீட்டரை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால்தான் அன்று நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும். 'ஓரிரு இடங்களில் மழை' என்று அறிவித்தால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். அன்று இளம்பிள்ளையில் வெயில் அடித்தால் அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று சொல்வது தவறு. நான்கில் மூன்று இடங்களிலாவது மழை இருக்காது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு நல்ல தமிழ் அறிக்கை உண்டு, பள்ளிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் வானிலை மையம், கோழிப் பண்ணையாளர்களுக்காக வெளியிடும் செய்திக்குறிப்பு அது. அடுத்த சில நாட்களில் வெயில் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில், ஈரப்பதம் எவ்வளவு, அதனால் கோழிக்குத் தீவனத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் வானிலையை இவ்வளவு நேரடியாகப் பிழைப்போடு சேர்த்துச் சொல்லும் பாடப்பொருள் வேறெங்கும் கிடைக்காது. அதே மாதிரியில், 'அடுத்த ஐந்து நாளைக்கு நூல் காயப்போடுவோருக்கான வானிலை அறிக்கை' என்று ஒன்றை இளம்பிள்ளை மாணவர்கள் எழுதிப் பார்க்கலாம். தமிழ்ப் பாடம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவி ஒரு வலையமைப்பை நடத்துகிறது. வட்டார அளவிலான எண்களுக்கு அதைப் பார்க்கலாம். உலகளாவிய காற்றோட்டத்தை அசையும் படமாகப் பார்க்க 'விண்டி', 'நல்ஸ்கூல்' போன்ற தளங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைவதை அதில் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. காட்சிக்கு அவை அருமை. ஆனால் அவற்றில் தெரிவதும் மாதிரிகள் கணித்ததுதான்.

தனிநபர்கள் நடத்தும் வானிலைப் பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்றவர்கள், மழை அளவுகளைத் தொகுத்து, பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு எளிமையாகச் சொல்லி, வானிலை மீது பெரிய ஆர்வத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு, சென்னை வானிலை மையத்திலிருந்து மழை நிலவரம் சொன்ன எஸ்.ஆர். ரமணன். 2016-இல் அவர் ஓய்வுபெற்றபோது தமிழகத்தின் பள்ளிப் பிள்ளைகள் சொந்த மாமாவை வழியனுப்பியதுபோல உருகினார்கள். இவர்களைப் பின்தொடர்வதில் தவறில்லை. தவிர்க்க வேண்டியது வேறு வகை: தேதி இல்லாத செயற்கைக்கோள் படம், பழைய வெள்ளத்தின் வீடியோ, ஆட்சியர் பெயரில் வலம்வரும் போலி விடுமுறை அறிவிப்பு. யார் வெளியிட்டது, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த நிலையம் என்ற நான்கு கேள்விக்கும் விடை இல்லாத எதையும் வகுப்புக்குள் விடக் கூடாது.

நிலையத்தின் பெயரைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. கோடையில் வெப்பப் பட்டியலின் மேலே அடிக்கடி வரும் பெயர் 'கரூர் பரமத்தி'. நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் தங்கள் பரமத்திவேலூரை நினைத்துக்கொள்வார்கள். அந்த நிலையம் இருப்பது காவிரிக்கு அக்கரையில், கரூர் மாவட்டத்து க.பரமத்தியில்.

மேல்நிலை மாணவர்களுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது. 1901 முதல் இந்தியாவின் தினசரி மழையைக் கால் டிகிரிக் கட்டங்களில், அதாவது சுமார் 27 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று தொகுத்து, வானிலைத் துறையின் புனே அலுவலகம் இலவசமாகத் தருகிறது. 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படிக்கிறார்கள். 11.5 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்குக் கட்டத்தின் நூறு வருட மழையை வரைபடமாக்கும் வேலையைக் கொடுத்தால், புத்தகத்தில் இருக்கும் பயிற்சிகளைவிட ஆசையாகச் செய்வார்கள். சேலம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய சரிசமமாகக் கிடைக்கின்றன. கடலோர மாவட்டங்களின் நிலை அப்படியல்ல. பாடப்புத்தகம் தமிழகம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது தன் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர் தாமே கண்டுபிடிக்கும் வாய்ப்பு இது.

8.30 மணிக் கணக்கு

இத்தனை தளங்களைத் திறந்தும் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதற்கு ஒரு மழைமானி வேண்டும், அதைப் பள்ளிக்கூடத்திலேயே வைக்க வேண்டும். இதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் 1997-இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரம் பெருமழையில் மூழ்கியது. ஒரே நகரத்தில் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் சாதாரண மழை. அங்கங்கே அளந்தால்தான் உண்மை தெரியும் என்று உணர்ந்து, அடுத்த ஆண்டே வீடுகளிலும் பள்ளிகளிலும் பொதுமக்களே மழை அளக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது நாடு முழுவதும் பரவியிருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே கேரளம், 2022 முதல் புவியியல் பாடம் உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்களை அமைத்தது. கோட்டயம் பகுதியில் மீனச்சில் ஆற்றின் கரையில் பள்ளிப் பிள்ளைகள் அளக்கும் மழையை வைத்து, ஆற்றில் தண்ணீர் ஏறுவதை ஊருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்த அன்னா மணியும் அதே கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவர் பெயரை ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது.

கருவிக்குப் பணம் இல்லை என்பது காரணம் ஆகாது. அடி தட்டையாக, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பாத்திரமும் அடிக்கோலும் போதும். இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் ஒரு புனலும் ஒரு பாட்டிலும் ஆய்வகத்தில் இருக்கும் அளவுச்சாடியும் வேண்டும். புனலின் வாய் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். 1 மில்லிமீட்டர் மழைக்கு 7.85 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். சேர்ந்த தண்ணீரை அளந்து 7.85-ஆல் வகுத்தால் மழை அளவு. வானிலைத் துறையின் மழைமானிகளில் 200 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ளது ஒன்று. அதில் 1 மில்லிமீட்டருக்கு 20 மில்லிலிட்டர். கணக்கு அதேதான்.

இடம்தான் முக்கியம். மரத்தடியில் வைத்தால் இலை தடுக்கும், தகரக் கூரையோரத்தில் வைத்தால் தெறிப்பு விழும். பக்கத்துச் சுவர் 4 மீட்டர் உயரம் என்றால் மழைமானி அதிலிருந்து குறைந்தது 8 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாசிப்பு சரியாகக் காலை 8.30-க்கு. அப்போதுதான் அது சேலம், ஓமலூர் எண்களோடு ஒப்பிடத் தகுந்ததாகும். பெரும்பாலான பள்ளிகள் திறக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான் என்பது வசதி. மழை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, 0 என்று எழுத வேண்டும். காலியான கட்டம் 'பார்க்கவில்லை' என்றும் 0 'பார்த்தோம், பெய்யவில்லை' என்றும் பொருள்படும். சனி, ஞாயிறு வாசிக்க ஆளில்லை என்றால் திங்களன்று மூன்று நாள் மொத்தம் என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். மூன்றால் வகுத்துப் பங்கு போடக் கூடாது. மழைக்கு விடுமுறை விட்ட நாளில்தான் பெரிய எண் கிடைக்கும் என்பதால், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பெரியவர் துணையோடு அந்தப் பொறுப்பைக் கொடுத்துவைக்கலாம்.

ஒரு மாதத்துப் பதிவு கையில் இருந்தால் செல்போன் எண்ணைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். செயலி 12 என்கிறது, நம் பாட்டில் 31 என்கிறது. அல்லது செயலி 20 என்கிறது, நமக்கு 0. எந்தெந்த நாட்களில் வித்தியாசம் பெரிது? மாலை இடிமழை நாட்களிலா, நாள் முழுக்கத் தூறும் நாட்களிலா? கஞ்சமலையின் இந்தப் பக்கமும் சித்தர்கோவில் பக்கமும் ஒரே மாதிரிதான் பெய்கிறதா? இரண்டு பக்கத்துப் பள்ளிகள் கைகோத்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். உண்மையான அறிவியல் ஆய்வு இதுதான். இதைச் செய்ய இளம்பிள்ளைப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் உலகில் யாரும் இல்லை.

மழைநீர் சேகரிப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள பள்ளியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். 2003-லிருந்து தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கிறதா, குழி இருக்கிறதா, அந்த 10,000 லிட்டர் எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டியது நாம்.

தறிக்கூடத்து வெப்பம்

வெயிலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியில் வானிலையைப் பேச முடியாது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, சேலம், கரூர் பரமத்தி ஆகியவை தமிழகத்தின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி முன்னால் நின்றன. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள் பல. வெயிலால் 2023-இல் பள்ளித் திறப்பை ஜூன் 12-க்குத் தள்ளினார்கள். 2024-இலும் ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. ஆக, வெயில் எண் பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியையே மாற்றும் எண்.

அந்த எண் எங்கே அளக்கப்படுகிறது? தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில், வெள்ளையடித்த, காற்று புகும் பெட்டிக்குள், நிழலில். அதனால் அது காற்றின் வெப்பம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன வெப்பம் என்பது எந்தத் தளத்திலும் இல்லை. அங்கேதான் இந்த ஊரின் அம்மாக்களும் அப்பாக்களும் வேலை செய்கிறார்கள். ஒரு சாதாரண வெப்பமானியைத் தறிக்கூடத்தில் ஒன்று, வேப்பமர நிழலில் ஒன்று, வகுப்பறையில் ஒன்று என்று வைத்து, வாரம் ஒருமுறை சேலம் நிலையத்தின் எண்ணோடு சேர்த்து எழுதினால் போதும். இணையம் சொல்லும் 39-க்கும் தன் தாய் அனுபவிக்கும் வெப்பத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். அந்த எண்களை ஒரு நாள் ஊர்க் கூட்டத்தில் வாசித்தால், கூரைக்கு வெள்ளையடிப்பது, ஜன்னல் வைப்பது, வேலை நேரத்தை மாற்றுவது பற்றியெல்லாம் பேச்சு தானாகவே தொடங்கும். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. தாலுகா அலுவலகங்கள் தினமும் திரட்டும் மழை அளவுகளை, நிலையம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, பழைய ஆண்டுகளையும் சேர்த்து, பள்ளிகள் எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவில் தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். பள்ளிகள் அளக்கும் எண்களை அனுப்புவதற்கும் அதில் ஓர் இடம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதை யார் நம்புவார்கள் என்று கேட்பவர்களுக்கு, கேரளத்தில் நம்புகிறார்கள் என்பதே பதில்.

வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழையை அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள் கணக்கிடுகிறது. இளம்பிள்ளையிலும் இடங்கணசாலையிலும் மகுடஞ்சாவடியிலும் தாரமங்கலத்திலும் ஆட்டையாம்பட்டியிலும் மல்லசமுத்திரத்திலும் இருக்கும் தலைமை ஆசிரியர்களே, செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு பாட்டிலும் ஒரு புனலும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிவையுங்கள். அக்டோபர் 1 காலை 8.30-க்கு முதல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.